காலரா கிருமிக்குக் குடலுக்குள் வந்தது எப்படித் தெரிகிறது?

அன்புள்ள ஐயா,

காலரா கிருமி உப்பங்கழிகளிலும் குளங்களிலும் சாதாரணமாக வாழ்வது, குடலுக்குள் வந்த பிறகே நஞ்சைச் சுரப்பது என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே வந்துவிட்டோம் என்பது ஒற்றைச் செல் உயிருக்கு எப்படித் தெரியும்?

கவிதா

அன்புள்ள கவிதா,

வடிவம் மாறும் சில மூலக்கூறுகள் இருந்தால் போதும், தெரிந்துவிடும்.

காலரா கிருமியான விப்ரியோ காலரேயில் நஞ்சு மரபணுக்களை முடுக்கிவிடுவது டாக்ஸ்-டி என்ற புரதம். கிருமிகள் குடலில் ஒன்றோடொன்று பிணைந்து தங்க உதவும் இழைகளும் அதன் பொறுப்புதான். அந்த டாக்ஸ்-டிக்குப் பல பூட்டுகள் உண்டு.

கிருமியின் செல் சவ்வில் டாக்ஸ்-ஆர், டிசிபி-பி என்று இரண்டு புரதங்கள் குறுக்காகப் பதிந்திருக்கின்றன. இவை சேர்ந்து டிஎன்ஏவைப் பிடித்தால்தான் டாக்ஸ்-டி மரபணு படியெடுக்கப்படும்.

அடுத்த பூட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படியெடுத்த ஆர்என்ஏவின் முன்பகுதி தன்மேலேயே மடிந்து, புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடத்தை மூடிக்கொள்கிறது. அங்கே வரிசையாக நிற்கும் நான்கு 'யூ' எழுத்துகளின் (ஆர்என்ஏவின் நால்வகை எழுத்துகளில் ஒன்று) பிணைப்பு வலுவற்றது. 20 டிகிரி செல்சியஸில் மடிப்பு நிற்கும், 37இல் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த பிறகே புரதம் உருவாகும். ஆனால் வங்காளத்துக் குளத்து நீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பத்தை மட்டும் நம்ப முடியாது.

புரதம் உருவான பிறகும் தடை உண்டு. 2010இல் டாக்ஸ்-டியின் படிக அமைப்பை ஆராய்ந்தபோது அதற்குள் ஒரு கொழுப்பு அமிலம் செருகியிருந்தது. அது உள்ளே இருக்கும்வரை டாக்ஸ்-டியால் டிஎன்ஏவைப் பற்ற முடியாது. பித்தநீரில் இவ்வகை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பதால், குடலின் நடுவெளியில் கிருமி அடங்கியிருக்கிறது. சளியைத் துளைத்துச் சுவரை நெருங்கினால் அங்கே சுரக்கும் பைகார்பனேட் டாக்ஸ்-டியைத் தூண்டுகிறது. நஞ்சு குடல் செல்லின்மேல் நேராக விழும் இடமும் அதுதான்.

அணைப்பதற்கும் ஏற்பாடு உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. கூட்டம் பெருகும்போது கிருமிகள் வெளியிடும் சைகை மூலக்கூறுகள் செறிந்து, ஹேப்-ஆர் என்ற புரதம் உயர்கிறது. அது நஞ்சை நிறுத்திவிட்டு, சுவரைவிட்டு விலக உதவும் நொதியைச் சுரக்க வைக்கிறது. சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியில் கூட்டம் பெருகினால் தாக்குதல் தொடங்கும். இங்கே நேர் எதிர், ஏனென்றால் காலரா கிருமி வயிற்றுப்போக்கோடு வெளியேறி அடுத்தவரை அடைய வேண்டும்.

டாக்ஸ்-டியை முடக்கும் வர்ஸ்டாட்டின் என்ற சேர்மம் 2005இல் வந்தது. கிருமி எலிக்குட்டிகளின் குடலில் குடியேறாமல் அது தடுத்தது. நல்ல வழிதான். ஆனால் வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டவருக்கு இது போதாது. நஞ்சு ஏற்கெனவே குடல் செல்லுக்குள் போயிருக்கும், கிருமி ஓய்ந்தாலும் அந்தச் செல் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவருக்கு உடனே கொடுக்க வேண்டியது ஓஆர்எஸ் என்ற உப்பு-குளுக்கோஸ் கரைசல். குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உள்ளிழுக்கும் பாதையை நஞ்சு தொடுவதில்லை.