லத்தீன் முடித்துவிட்டுத்தான் ஜெர்மனா? ரயிலில் படித்தால் ஏறுமா?

கேள்வி: எனக்குத் தக்கலை பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இரணியலில் ரயில் ஏறிப் போய்வருகிறேன், அதிலேயே தினமும் இரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைவரை தேற வேண்டும் என்கிறார்கள். செமினாரியில் படிக்கும் தம்பி, லத்தீன் தெரிந்தால் ஐரோப்பிய மொழியெல்லாம் தன்னால் வரும் என்கிறான். மார்த்தாண்டத்தில் ஒரு சென்டரிலும் அதையேதான் சொன்னார்கள்: ஒரு மாதம் லத்தீன் அஸ்திவாரம், அப்புறம் மூன்றே மாதத்தில் பி2, வகுப்பு முழுக்க போனில், பயணத்திலேயே முடித்துவிடலாம், 85,000 ரூபாய். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம்.

முதலில் தம்பி கதை. அவர் சொல்வது இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் மாதிரி மொழிகளுக்கு ஓரளவு சரி, அவையெல்லாம் லத்தீன் பெற்ற பிள்ளைகள். ஜெர்மன் அந்த வீட்டுப் பிள்ளை கிடையாது, தூரத்துச் சொந்தம். ஜன்னலுக்கு ஜெர்மனில் 'ஃபென்ஸ்டர்' என்பார்கள், அது லத்தீன் 'ஃபெனெஸ்த்ரா'விலிருந்து போனதுதான், இப்படி நிறையச் சொல் உண்டு. அதனால் என்ன? ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று போர்ச்சுகீஸ் சொற்களை நாமும் தினமும்தான் சொல்கிறோம், நமக்குப் போர்ச்சுகீஸ் வந்துவிட்டதா?

லத்தீன் படித்தால் வேற்றுமை புரியும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்குச் சொல்ல வேண்டியது. லத்தீனில் ஆறு வேற்றுமை, ஜெர்மனில் நான்கு, நாம் பள்ளிக்கூடத்திலேயே எட்டு படித்தவர்கள். 'பையன் பெண்ணைக் கூப்பிடுகிறான்', 'பெண்ணைப் பையன் கூப்பிடுகிறான்', எப்படிப் புரட்டினாலும் அந்த 'ஐ' யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். லத்தீனில் அந்த வேலையைக் கடைசியில் வரும் 'ம்' செய்கிறது, ஜெர்மனில் முன்னால் நிற்கும் 'டேர்' 'டேன்' ஆகிறது, அவ்வளவுதான் சங்கதி. இதைப் புரியவைக்கத் தமிழ் வாத்தியார் போதும், லத்தீனுக்கு ஒரு மாதம் எதற்கு? வீரமாமுனிவர் நம் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியது லத்தீனில்தான், அவர் ஊர்க்காரர்களுக்கு அது தேவைப்பட்டது. உங்களுக்கு இல்லை.

லத்தீன் படிக்க வேண்டிய இடம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒன்றுதான், பழைய கோயில் ரிஜிஸ்டர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, அதாவது 1960களுக்கு முன்பு, ஞானஸ்நானப் பதிவைப் பல பங்குகளில் லத்தீனில்தான் எழுதிவைத்தார்கள். அதில் 'ஃபிலியா அந்தோனியி எத் மரியே' என்று இருந்தால் அந்தோனியுடைய, மரியாவுடைய மகள் என்று அர்த்தம். இது தெரியாமல் அப்பா பெயர் 'அந்தோனியி', அம்மா பெயர் 'மரியே' என்று அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், பிறகு பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு பெயர் என்று அலைச்சல். இன்னொரு கண்ணி தேதி. '7ப்ரிஸ்' என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். ஏழாம் மாதம், ஜூலை என்று படித்தால் போச்சு. லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 போட்டிருந்தால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். ரோமாபுரியில் ஆதியில் மார்ச்தான் வருஷத்தின் முதல் மாதம், அதன் மிச்சம் இது. தாத்தா பாட்டி பதிவு எடுக்கிற வேலை இருந்தால் முப்பது சொல்லும் இந்த மாதக் கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள், தம்பியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். காசும் கொடுக்க வேண்டாம்.

இனி ரயில். பயணத்தில் மொழி ஏறுமா என்றால் ஏறும், எது ஏறும் என்பதில்தான் விஷயம். உங்களுக்கு மலையாளம் வகுப்பில் வந்திருக்காது, கூட வேலை செய்பவர்களிடமும் நோயாளிகளிடமும் பேசிப் பேசித்தான் வந்திருக்கும். தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகமே காட்டிக்கொடுக்கும். நாகர்கோவில் பாசஞ்சரில் ஜெர்மனில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதனால் புதுப் பாடத்தை ரயிலில் தொடாதீர்கள். வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து படித்ததை மட்டும் ரயிலில் அரைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி என்றால், மூன்று நிமிட ஆடியோ ஒன்று, அது போதும். வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். முதல் நாள் சும்மா கேளுங்கள். இரண்டாம் நாள் கூடவே வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும். ஸ்டாஃப் நர்ஸுக்குத் தினமும் வேண்டிய கேள்வி 'வோ டூட் எஸ் வே?', எங்கே வலிக்கிறது என்று அர்த்தம், அதையே குழித்துறை வருவதற்குள் ஐம்பது தடவை சொல்லலாம். பக்கத்தில் இருக்கும் அம்மா நீங்கள் ஜெபமாலை சொல்வதாக நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்காருவார், அதுவும் லாபம்தான். மூன்றாம் நாள் நடுவில் நிறுத்தி, அடுத்த வரியை நீங்கள் முந்திச் சொல்லுங்கள். நான்காம் நாள் வீட்டில் அதைக் கேட்டு எழுத வேண்டும், எழுதும்போதுதான் ஓட்டை தெரியும்.

சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள், ஆனால் ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று காட்ட முன்னால் வரும் 'டேர், டீ, தஸ்' சேர்க்காமல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. நமக்கு இதெல்லாமே அஃறிணை, அதனால் நம் பிள்ளைகள் சறுக்குவது எல்லாம் இங்கேதான். நைட் ட்யூட்டி முடிந்து வரும் நாளில் தூங்குங்கள்.

இப்போது அந்த மூன்று மாதக் கணக்கைப் பார்ப்போம். பி2 வரைக்கும் 600 முதல் 800 பாடவேளை ஆகும் என்பது, ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பரீட்சையும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு, ஒரு பாடவேளை 45 நிமிடம். குறைந்தபட்சம் 600 என்றே வைத்துக்கொண்டாலும் 450 மணி நேரம். மூன்று மாதத்தில் என்றால் ஞாயிறும் சேர்த்துத் தினம் ஐந்து மணி நேரம். ட்யூட்டிக்குப் போகிற பெண்ணிடம் இதைச் சொல்லிக் காசு கேட்கிறவரை என்னவென்று சொல்வது? வேலையோடு படித்தால் ஒன்றரை வருஷமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், என்னிடம் அழுதுகொண்டு வருகிறவர்கள் முக்கால்வாசி மொழியில் தோற்றவர்கள் அல்ல, புரோக்கரிடம் மாட்டியவர்கள். ஒரு பிள்ளையின் நர்சிங் சர்டிபிகேட் ஒரிஜினலை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று ஒரு சென்டர் வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் விலகியதும் முழுப் பீஸும் கட்டினால்தான் தருவேன் என்றது. நான் கூடப் போய் நின்று வாங்கிக் கொடுத்தேன். ஒரிஜினலோ பாஸ்போர்ட்டோ கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கோ, எதையும் யாரிடமும் விடாதீர்கள், மக்களே. 'பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட்' என்று காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், போலியை அங்கே சரிபார்ப்பார்கள், ஒருமுறை பிடிபட்டால் ஜெர்மனி கனவே போச்சு. கோதே நடத்தும் பி2 பரீட்சையில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு நான்கிலும் தனித்தனியே 60 வேண்டும், ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். இதைச் சொல்லாமல் முழுப் பீஸும் இரண்டாம் தடவை கறப்பவர்கள் உண்டு. வேலைக்கு ஆள் அனுப்புகிறவராக இருந்தால் மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா பாருங்கள், அவர்கள் வாங்கலாம் என்று அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்.

அரசாங்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டினால் கேரள அரசின் நோர்க்கா என்று ஓர் அமைப்பு நர்சுகளுக்கு மொழியும் சொல்லிக்கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறது. நமக்கு அந்த மாதிரி அரசு நிறுவனத்தின் ஆபீஸ் சென்னையில், 700 கிலோமீட்டர். வீட்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கிற மாவட்டம் இது, நாகர்கோவிலில் ஒரு ஜெர்மன் வகுப்பு நடத்த அரசுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. சரி, நீங்கள் தினமும் போகிற திருவனந்தபுரத்திலேயே கோதே சென்ட்ரம் இருக்கிறது, வார இறுதி வகுப்பு கிடைக்குமா என்று முதலில் அங்கே விசாரியுங்கள்.

கொடுத்த 5,000க்கு ரசீது வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில், 'இந்தத் தேதியில் 5,000 ரூபாய் கொடுத்தேன், சேர விருப்பமில்லை, திருப்பித் தரவும்' என்று ஒரு வரி அனுப்பி, அவர்கள் பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம், எழுத்தில் பேசச் சொல்லுங்கள்.