பிளாஸ்மா டார்ச் மதியத்துக்கு மேல் தகட்டை உரசுவது ஏன்?

கேள்வி: துவாக்குடியில் சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். 5×10 அடி சி.என்.சி. மேசை, 45 ஆம்பியர் ஏர் பிளாஸ்மா (மின் ஆர்க்காலும் காற்றாலும் உலோகத்தை வெட்டும் கருவி). பெரும்பாலும் 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு. காலையில் ஒழுங்காக வெட்டும் இயந்திரத்தில், மதியம் நெருங்கும்போது டார்ச் மெல்ல இறங்கித் தகட்டை உரசுகிறது. மூலைகளில் எந்நேரமும் குனிகிறது. எலெக்ட்ரோடும் நாஸிலும் மாற்றினால் சிறிது நேரம் சரியாகிறது. இல்லையென்றால் செட் வோல்டேஜைக் கூட்டி ஓட்டுகிறோம். சர்வீஸ் செய்பவர் டி.எச்.சி. (டார்ச் உயரக் கட்டுப்பாடு) கார்டையே மாற்றிவிட்டார், பலன் இல்லை. டி.எச்.சி.யை அணைத்தால் நன்றாக வெட்டுகிறது, ஆனால் தகடு சூட்டில் வளைவதால் அப்படியே ஓட்ட முடியவில்லை. தவறு எங்கே?

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எலெக்ட்ரோடு மாற்றியதும் சரியாகும் கோளாறு கார்டின் கோளாறாக இருப்பது மிக அரிது. டி.எச்.சி. என்ற உயரக் கட்டுப்பாடு உண்மையில் உயரத்தை அளப்பதே இல்லை. எலெக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ஆர்க் வோல்டேஜை அளந்து, அது செட் வோல்டேஜைவிடக் கூடினால் டார்ச்சை இறக்குகிறது, குறைந்தால் ஏற்றுகிறது. உயரத்தைத் தவிர வேறு எந்தக் காரணத்தால் வோல்டேஜ் கூடினாலும் அது டார்ச்சை இறக்கத்தான் செய்யும். உங்கள் இயந்திரத்தில் அப்படிப்பட்ட காரணங்கள் இரண்டு சேர்ந்து வேலை செய்யக்கூடும்.

முதலாவது, எலெக்ட்ரோடின் தேய்மானம். அதன் முனையில் பதித்திருக்கும் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் கொஞ்சம் கரைந்து குழியாகிறது. குழி ஆழமாக ஆழமாக, டார்ச்சுக்குள்ளேயே ஆர்க்கின் நீளம் கூடுகிறது. வெளியே உயரம் மாறாமலிருந்தும் வோல்டேஜ் ஏறுகிறது. காலையில் புது எலெக்ட்ரோடுடன் 1.5 மி.மீ. உயரத்தில் 125 வோல்ட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். மதியம் அதே உயரத்தில் 131 காட்டும். கார்டோ 125 என்ற கட்டளையை நிறைவேற்ற டார்ச்சை இறக்கிக்கொண்டே போகிறது. பெரும்பாலான 45 ஆம்பியர் இயந்திரங்களில் 1 மி.மீ. உயர மாற்றத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 10 வோல்ட் மாறும் என்பதால், அந்த 6 வோல்ட்டில் 1.5 மி.மீ. இடைவெளியின் பெரும்பகுதி கரைந்துவிடலாம். நீங்கள் செட் வோல்டேஜைக் கூட்டி ஓட்டுவது அந்த நேரத்துக்குச் சரிதான். ஆனால் மறுநாள் புது எலெக்ட்ரோடு போட்டதும் அதே அளவு டார்ச்சை மேலே நிறுத்தி, வெட்டு விளிம்பைச் சாய்வாக்கும்.

இதற்கு முறையான தீர்வு, உங்கள் கன்ட்ரோலரில் ஆட்டோ வோல்டேஜ் அல்லது சாம்பிள் வோல்டேஜ் என்ற பெயரில் இருக்கக்கூடிய வசதி. அது இருந்தால், ஒவ்வொரு வெட்டின் தொடக்கத்திலும் டார்ச் அளந்து வைத்த வெட்டும் உயரத்தில் சிறிது தூரம் பூட்டிய நிலையில் ஓடி, வேகம் நிலைபெற்றதும் அப்போதைய வோல்டேஜைப் படித்து, அந்த எண்ணையே அந்த வெட்டுக்கான செட் வோல்டேஜாக வைத்துக்கொள்ளும். எலெக்ட்ரோடு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் உயரம் மாறாது. அந்த வசதி இல்லாத கன்ட்ரோலராக இருந்தால், தேய்மானத்துக்கேற்ப வோல்டேஜை ஊகித்துக் கூட்டாமல், டி.எச்.சி.யை அணைத்து ஒரு சோதனைக் கோடு வெட்டி, அப்போது திரையில் தெரியும் எண்ணைச் செட் செய்யுங்கள். குழி 1.6 மி.மீ. ஆழத்தைத் தாண்டிய எலெக்ட்ரோடை மாற்றிவிட வேண்டும்.

ஆனால் இந்த வழி முழுவதும் ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது: தொடக்க உயரம் சரியாக இருக்க வேண்டும். அதில் அரை மி.மீ. பிழை இருந்தால், சாம்பிள் செய்யும் கன்ட்ரோலர் அந்தப் பிழையையே விசுவாசமாகக் கடைசி வரை காப்பாற்றும். பெரும்பாலான மேசைகளில் டார்ச்சின் ஷீல்டு (நாஸிலை மூடியிருக்கும் வெளி மூடி) தகட்டைத் தொடுவதை மின்தொடர்பால் அறியும் ஓமிக் முறையும், அது தவறினால் டார்ச் தாங்கி மேலெழும்பும்போது இயங்கும் ஃப்ளோட்டிங் ஸ்விட்சும் இருக்கும். துருவோ பெயின்ட்டோ உள்ள தகட்டில் ஓமிக் தொடர்பு கிடைக்காது. டார்ச் மேலும் அழுத்தி ஸ்விட்சைத் தொடும். அந்தக் கூடுதல் பயணத்தை ஆஃப்செட்டாகக் கொடுக்காவிட்டால் டார்ச் அவ்வளவும் தாழ்ந்தே வெட்டும். மெல்லிய தகடாக இருந்தால் அழுத்தத்தில் தகடும் தாழ்ந்து, பிறகு எழும்பும். இதற்கு எதிரான பிழையும் உண்டு: ஷீல்டுக்கும் நாஸிலுக்கும் நடுவே ஸ்லாக்கோ (உருகித் தெறித்த உலோகக் கழிவு) தண்ணீரோ பாலம் போட்டால், தகட்டைத் தொடாமலே தொட்டதாக எண்ணி டார்ச் உயரத்திலேயே நின்றுவிடும். ஆர்க்கைப் பற்றவைக்காமல் டார்ச்சை வெட்டும் உயரத்துக்கு இறக்கி, ஷீல்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். மேசையின் நான்கு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு முறை. 1.5 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 1.5 வர வேண்டும். வராவிட்டால் வோல்டேஜைத் தொடுவதில் பொருளே இல்லை.

இரண்டாவது காரணம், நீங்கள் எர்த் கிளாம்பை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதில் இருக்கக்கூடும். மேசைச் சட்டத்தில் மாட்டி, தகட்டைத் தாங்கும், ஸ்லாக் படிந்த பட்டைகள் வழியாக மின்னோட்டம் திரும்ப வேண்டியிருந்தால், தகடு எந்தப் பட்டையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தொடர்பு மாறும். 45 ஆம்பியரில் 0.1 ஓம் தடை சேர்ந்தால்கூட 4.5 வோல்ட் வீழ்ச்சி. அளக்கும் கம்பி பிளாஸ்மா பெட்டியிலிருந்து வருவதால் அதுவும் ஆர்க் வோல்டேஜோடு சேர்ந்தே கணக்காகும், டார்ச் அரை மி.மீ.யோ அதற்கு மேலோ இறங்கும். கிளாம்பை நேராகத் தகட்டில், துருவைத் தேய்த்த இடத்தில் மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. ஆனால் பலரும் கார்டு மாற்றிய பிறகுதான் இதற்கு வருகிறார்கள்.

மூலைகளில் குனிவது தேய்மானத்தோடு தொடர்பில்லாத தனி விஷயம். மூலையில் திரும்ப இயந்திரம் வேகத்தைக் குறைக்கிறது, மெதுவாகச் செல்லும் ஆர்க் உலோகத்தை அகலமாக உருக்கி, பிறகு விலகிப்போன விளிம்பை எட்ட நீள்கிறது, வோல்டேஜ் கூடுகிறது, டார்ச் குனிகிறது. முன்பு வெட்டிய பிளவை மறுபடி கடக்கும்போதும் இதேதான் நடக்கும். அங்கெல்லாம் டி.எச்.சி. பூட்டப்பட வேண்டும். உண்மையான வேகம் நிரலில் கொடுத்த வேகத்தின் குறிப்பிட்ட விழுக்காட்டுக்குக் கீழே போனால் டார்ச்சை ஏற்றி இறக்கும் இசட் அச்சு அசையாமல் நிற்கும்படி ஓர் அமைப்பு இருக்கும். 90 விழுக்காட்டில் தொடங்கிப் பாருங்கள். சிறு துளைகளுக்கு டி.எச்.சி.யை நிரலிலேயே அணைத்துவிடுவது நல்லது. பியர்ஸிங் (தகட்டில் முதல் துளையிடுவது) முடிந்து முழு வேகத்தை எட்டும் வரையும் டி.எச்.சி. உறங்கட்டும். வழக்கமாக 3.8 மி.மீ. உயரத்தில் துளைத்து 1.5க்கு இறங்கும் அந்தச் சில நொடிகளின் வோல்டேஜ் எதற்கும் உதவாது.

நேர்க்கோட்டில் டார்ச் ஏறி இறங்கி நடுங்கினால் மட்டும் கெயினை (டி.எச்.சி. எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்ற அமைப்பு) குறையுங்கள், அல்லது கண்டுகொள்ளாமல் விடும் வோல்டேஜ் வரம்பை ஓரிரு வோல்ட்டுக்கு விரியுங்கள். நீங்கள் நடுக்கத்தைச் சொல்லவில்லை என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை.

உங்களை உறுத்த வேண்டிய இன்னொரு கேள்வி: எலெக்ட்ரோடு ஏன் அரை நாளில் தேய்கிறது? சூடேறிய கம்ப்ரஸரிலிருந்து ஈரமான காற்று வருகிறதா என்று பாருங்கள். ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் திறந்து, நாஸிலுக்குக் கீழே வெள்ளைத் தாளைச் சில நொடிகள் பிடியுங்கள்; ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் டேங்கின் அடித்தண்ணீரை வடித்து, ட்ரையரையும் ஃபில்டரையும் கவனியுங்கள். தாழ்ந்த உயரத்தில் பியர்ஸ் செய்தால் தெறிக்கும் உலோகம் ஷீல்டையும் நாஸிலையும் கெடுக்கும். தொடக்க உயரப் பிழையைத் திருத்தினாலே அவற்றின் ஆயுளும் கூடும்.

கார்டைப் பற்றிய சந்தேகம் இன்னும் இருந்தால், அதைத் தீர்க்க ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். பிளாஸ்மாவை முழுவதுமாக அணைத்து, அதன் பெட்டியிலிருந்து கார்டுக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்டின் உள்ளீட்டில் செல்லைச் சரியான துருவத்தில் இணையுங்கள். 50:1 விகிதத்தில் பிரித்த (ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்த) வோல்டேஜை வாங்கும் கார்டு என்றால் திரையில் ஏறத்தாழ 75 தெரிய வேண்டும்; செல் புதிதாக இருந்தால் 80 வரை போகும். வேறெதுவும் தெரிந்தால், பெட்டியில் ஒரு விகிதமும் கன்ட்ரோலரில் வேறொரு விகிதமும் பதிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்மா பெட்டியை மட்டும் மின்சாரம் இருக்கும்போது திறக்காதீர்கள்; பிரிக்கப்படாத வோல்டேஜ் அங்கே 250 வோல்ட் டி.சி.யையும் தாண்டும். கழற்றி வைத்திருக்கும் பழைய கார்டையும் இதே செல்லில் சோதியுங்கள். சரியான எண்ணைக் காட்டி, ஏற்ற இறக்கக் கட்டளைகளையும் ஒழுங்காகக் கொடுத்தால் அதை உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.