அம்மாவோட மறதிக்கு ஸ்டெம் செல் ஊசியா?

கேள்வி: ஏலக்கா தரம் பிரிக்கிறதுல எங்கம்மா கெட்டிக்காரி, இப்போ பச்சையையும் வெளுத்ததையும் ஒரே முறத்துல கொட்டுறாங்க, டாக்டர் அல்சைமர்ங்கிற மறதி நோய்னுட்டார். கேரளாப் பக்கம் ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடுமாமே?
- வாசகி, கம்பம்

பதில்: தயவுசெஞ்சு பணத்தைக் கட்டிடாதீங்கம்மா, அல்சைமருக்குன்னு அங்கீகாரம் வாங்குன ஸ்டெம் செல் ஊசி எதுவும் இல்ல. ஸ்டெம் செல்னா வேற செல்லா மாறக்கூடிய மூல செல். ஆனா இந்த நோய்ல மூளைக்குள்ள நடக்குறது ரொம்பச் சிக்கல்: ஏபிபின்னு ஒரு புரோட்டீன், அது ஒரு இடத்துல வெட்டுப்பட்டா வர்ற துண்டு மூளையோட நியூரல் ஸ்டெம் செல் (நரம்பு செல்லை உருவாக்குற மூல செல்) பெருக உதவுதுன்னு எலிகள்ல பார்த்திருக்காங்க, அதுவே வேற இடத்துல வெட்டுப்பட்டா அமிலாய்ட் பீட்டாங்கிற துண்டு வந்து செல்லுக்கு வெளிய திட்டுத்திட்டா படியுது, செல்லுக்குள்ள டாவ்ங்கிற இன்னொரு புரோட்டீன் முறுக்கிக்குது, 1906-ல இந்த நோயை முதல்ல விவரிச்ச டாக்டர் அல்சைமர் சொன்ன அடையாளங்களே இந்த ரெண்டும்தான். இவ்ளோ சிக்கலை ஒரு ஊசி சரி பண்ணிடாது. பி12, தைராய்டு டெஸ்ட் பார்த்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அந்தக் குறையாலயும் மறதி கூடும், அதுக்கு மருந்து இருக்கு.