முகத்துக் கருமைக்கு ‘லைட்’ அடிக்கலாமா?

கேள்வி: வயது 38. கச்சான் தோட்டத்தில் வேலை. இரண்டு வருடமாக இரு கன்னத்திலும் மண்ணிறம் படர்ந்திருக்கிறது. அழகு நிலையத்தில் ‘ஐபிஎல் லைட்’ ஆறு தரம் அடித்தால் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது மங்கு, அதாவது மெலாஸ்மா போலிருக்கிறது. ஐபிஎல் என்பது பலமான ஒளியை விட்டுவிட்டு அடிப்பது. அது தோலுக்கு நிறம் தரும் மெலனினைப் பிடித்துச் சூடாக்கும். எங்கள் தோலில் மெலனின் திட்டில் மட்டுமா இருக்கிறது? சுற்றியுள்ள தோலும் சேர்ந்து வேகும். கருவியின் முனை நீள்சதுரம். சூடு கூடினால் கன்னத்தில் அதே வடிவில் அச்சுக் குத்தினாற்போல் புண் வரும். பொருக்கு உதிர்ந்த பிறகு அவ்விடம் முன்னையிலும் கறுத்து மாதக்கணக்கில் கிடக்கும்.

1064 நானோமீற்றர் என்டி-யாக் லேசர் ஆழமாகப் போவதால் ஆபத்துக் குறைவு. ஆனாலும் நிறுத்தியதும் மங்கு திரும்புவது வழமை. பலமுறை அடித்தால் அரிசி தூவியது போல் வெண்புள்ளிகளும் விழலாம். கிறீம் பூசியும் குறையாதவர்களுக்கு, தோல் வைத்திய நிபுணர், சிறு இடத்தில் சோதித்துச் சில கிழமை பொறுத்திருந்து செய்ய வேண்டியது அது.

முதலில் வெயிலைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்கச் செய்யும். சாதாரண சன்ஸ்கிறீன் அதை மறிக்காது. இரும்பு ஒக்சைட்டு கலந்த தோல்நிறச் சன்ஸ்கிறீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், இரு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசுங்கள். தோட்டத்து வியர்வையில் அது வழிந்துவிடும். அகன்ற தொப்பியும் போடுங்கள். இரவில் 4 வீத ஹைட்ரோகுயினோன் கிறீமை வைத்தியர் எழுதித் தருவார்: திட்டில் மட்டும், மெல்லியதாக, மூன்று மாதமளவில். ‘நல்லாய் வேலை செய்யுது’ என்று வருடக்கணக்கில் பூசினால் நீலங்கலந்த கருமை படியும். அதை எடுப்பது மங்கைவிடக் கடினம். கர்ப்பமென்றால் தொடவேண்டாம். கருத்தடை மாத்திரை எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், மங்குக்கு அதுவும் காரணமாகலாம்.

கேள்வி: 12 வயது மகனுக்கு வெண்புள்ளி நோய் (விட்டிலிகோ). கிளினிக்கில் ஒளிச் சிகிச்சை என்கிறார்கள். இதுவும் சுடுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: இது நிறத்தை வரவழைக்கும் ஒளி: 311 நானோமீற்றர் புறஊதா. கிழமைக்கு இரண்டு, மூன்று நாள். அடுத்தடுத்த நாளில் கூடாது. ஒளி படும்போது கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். திட்டில் இலேசான சிவப்பு வந்து 24 மணித்தியாலத்துக்குள் மறைந்தால் அளவு சரி. மறையாவிட்டால், கொப்புளித்தால், அடுத்த தடவைக்கு முன் சொல்லுங்கள். பஸ் கிடைக்காமல் ஒரு கிழமைக்கு மேல் தவறினாலும் சொல்லுங்கள்; அளவைக் குறைத்துத்தான் தொடங்குவார்கள். மயிர்க்காலைச் சுற்றிச் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் நிறம் வருகிறது என்று அர்த்தம். மூன்று மாதத்தில் கைவிடாதீர்கள், 48 தடவையாவது பாருங்கள். முகம் நன்றாகக் கேட்கும். விரல் நுனியும் பாதமும் பெரும்பாலும் ஏமாற்றும்.