டியூப் ஃபீடும் முதுகடிச் சிவப்பும்

ஆர்.கே.புரம் சகோதரிக்கு,

மூக்கு வழி உணவு கொடுக்கும் டியூப் இருப்பதால் அம்மாவை நாள் முழுக்க நிமிர்த்தியே வைக்கிறோம், இப்போது வால் எலும்புப் பக்கம் சிவந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிவப்பை விரலால் மூன்று வினாடி அழுத்தி எடுங்கள். வெளுக்கவே இல்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும். சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

காரணம் அந்த நிமிர்வுதான். உடம்பு கீழே சறுக்கும். தோல் மட்டும் விரிப்போடு ஒட்டி நிற்கும். இடையில் ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்கும். ஃபீட் கொடுக்கும்போதும், முடிந்து ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி இருக்கட்டும். பிறகு 30 டிகிரிக்கு இறக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி ஒருக்களித்துச் சாயுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், ராத்திரியிலும். முழுக்க மல்லாத்திவிடாதீர்கள், ஃபீட் எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும்.

சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. அடியில் காற்றடித்த வளையம் வைப்பதும் வேண்டாம், சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தைத் தடுக்கும். சறுக்கிய அம்மாவை மேலே ஏற்றும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், அடியில் மடித்த போர்வையோடு இருவராகத் தூக்குங்கள். டெல்லி வெயிலில் டயப்பரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும், அடிக்கடி பாருங்கள்.

தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.