பல ஆண்டுகளுக்குப் பிறகு இலியோஸ்டமியைச் சுற்றித் தோல் புண்ணாவது ஏன்?

கேள்வி: குடல் அழற்சி நோயால் பெருங்குடல் அகற்றப்பட்டு, எனக்கு இலியோஸ்டமி (சிறுகுடலின் நுனியை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து, கழிவைப் பையில் சேர்க்கும் அறுவை) செய்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு நாட்களுக்கு ஒருமுறை பையை மாற்றி, தொல்லையின்றி இருந்தேன். சில மாதங்களாக இரண்டாம் நாளே ஒழுகுகிறது. ஸ்டோமாவுக்கு, அதாவது வயிற்றின் மேல் தெரியும் குடல் வாய்க்கு, கீழே தோல் சிவந்து, நீர் கசிந்து எரிகிறது. உடல் எடையும் கூடியிருக்கிறது. களிம்பு தடவினால், பையைத் தோலோடு பிடித்து வைக்கும் பசைத் தகடு ஒட்டுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலில் கவனிக்க வேண்டியது தோலை அல்ல, தகட்டின் பொருத்தத்தை. சிறுகுடலிலிருந்து நேராக வெளியேறும் கழிவில் செரிமான நொதிகளும் பித்த உப்புகளும் வீரியம் குறையாமல் இருப்பதால், அது தோலில் சில மணி நேரம் தேங்கினாலே மேல்தோல் அரிபட்டுவிடும். அரிபட்ட தோல் கசியும். கசியும் இடத்தில் தகடு ஒட்டாது. ஒட்டாத இடத்தின் வழியே மேலும் கழிவு புகும். ஒழுகும் வழியை அடைக்காமல் எந்த மருந்தைப் பூசினாலும் இது நிற்காது. எண்ணெய்ப் பசையுள்ள களிம்போ தகடு ஒட்டுவதையே கெடுத்துவிடும் என்பதால், அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா வீக்கம் வடிந்து சுருங்கும். அப்போது எடுத்த அளவே வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்; ஆனால் ஸ்டோமாவின் வடிவம் பிறகும் மாறக்கூடும். 1952இல் பிரையன் புரூக் என்ற அறுவை மருத்துவர், குடலின் நுனியை வெளிப்பக்கமாகப் புரட்டித் தைக்கும் முறையை விவரித்தார். கெண்டியின் மூக்கைப்போல ஸ்டோமா இரண்டு செ.மீ. அளவுக்கு நீண்டிருந்தால்தான் கழிவு தோலைத் தொடாமல் பைக்குள் விழும். எடை கூடி வயிற்றுச் சுவர் தடிக்கும்போது அந்த நீட்சி உள்வாங்குகிறது, சில வேளைகளில் தோல் மட்டத்துக்கே வந்துவிடுகிறது. எடை குறைந்தாலும் சுற்றிலும் மடிப்புகள் விழும். ஸ்டோமாவை ஒட்டிக் குடலிறக்கம் உண்டானால், தட்டையாக இருந்த இடம் புடைத்து, தகட்டின் விளிம்பு தூக்கிக்கொள்ளும்.

உங்களுக்கு இவற்றில் எது நேர்ந்திருக்கிறது என்பதைக் கழற்றிய தகடே காட்டும். அடுத்த முறை அதை எறிவதற்கு முன், மேல் விளிம்பில் பேனாவால் ஒரு குறியிட்டு, திருப்பி வைத்துப் பாருங்கள். பசை கரைந்து, வெளுத்து ஊறியிருக்கும் இடமும், கழிவின் கறை ஓடியிருக்கும் திசையும் தெளிவாகத் தெரியும். துளையைச் சுற்றிலும் சமமாகக் கரைந்திருந்தால், பெரும்பாலும் துளை பெரிதாக இருக்கிறது, அல்லது தகட்டை மாற்றாமல் நாள் கடத்தியிருக்கிறீர்கள். ஒரே திசையில் கறை ஓடியிருந்தால், அங்கே மடிப்போ பள்ளமோ இருக்கும். கீழ்ப்பக்கம் மட்டும் கரைந்திருந்தால், ஸ்டோமா உள்வாங்கியிருக்கலாம், அல்லது அதன் வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கலாம். உங்கள் விவரிப்புக்கு இதுவே பொருந்துகிறது.

பிறகு அளவு அட்டையால் மீண்டும் அளந்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாகத் துளையை வெட்டுங்கள். ஸ்டோமாவுக்கு வலி உணர்வு இல்லாததால், துளை இறுக்கமாகி விளிம்பு அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. கண்ணாடியின் முன் நின்றும் உட்கார்ந்தும் பாருங்கள். படுத்திருக்கும்போது காணாத மடிப்பு, உட்கார்ந்தவுடன் தெரியும். சிறு பள்ளங்களை நிரப்ப மென்மையான தடுப்பு வளையம் போதும். ஸ்டோமா உள்வாங்கியிருந்தால், உட்புறம் குவிந்த தகடும் இடுப்புப் பட்டையும் பெரிதும் உதவும். ஆனால் குவிந்த தகடு தோலை அழுத்தும் என்பதால், குடலிறக்கம் உள்ளவர்களுக்கு அது புண்ணை உண்டாக்கக்கூடும். ஸ்டோமா பராமரிப்புச் செவிலியர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

பை மாற்றுவதற்குக் காலையில் உணவுக்கு முந்தைய நேரம் நல்லது, அப்போது கழிவு குறைவாக வரும். தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பசை நீக்கியின் உதவியோடு தகட்டை மேலிருந்து கீழாக மெல்ல உரியுங்கள். வெதுவெதுப்பான நீர் போதும்; வாசனை சோப்பு, ஈரத் துடைப்பான், கிருமிநாசினி எதுவும் வேண்டாம். துடைக்கும்போது ஸ்டோமாவில் சிறிது இரத்தம் துளிர்ப்பது இயல்பு. தோலை ஒற்றி உலர்த்தி, கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு, அதன்மேல் ஆல்கஹால் இல்லாத தடுப்புப் படலத்தைப் பூசி உலரவிடுங்கள். தேவையானால் இதை இன்னொரு முறை செய்யலாம். தகட்டை ஒட்டியபின் சில நிமிடங்கள் உள்ளங்கையால் மூடி வைத்தால், சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். புண் ஆறும்வரை, ஒழுகுவதற்குக் காத்திராமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அரிப்போ எரிச்சலோ தொடங்கினால் உடனே மாற்றிவிட வேண்டும். ஒழுகும் தகட்டின்மேல் டேப் ஒட்டி இரவைக் கடத்துவது மிகவும் கெடுதலான பழக்கம், ஏனெனில் கழிவு உள்ளேயே சிறைப்பட்டு விடிவதற்குள் தோலைத் தின்றுவிடும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே காலிசெய்தால் தகடு கனத்தில் இழுபடாது.

இவ்வளவு செய்தும் ஓரிரு வாரங்களில் ஆறவில்லை என்றால், காரணம் வேறாக இருக்கலாம். சிவந்த இடத்தைச் சுற்றிச் சிறுசிறு புள்ளிகள் சிதறி அரித்தால் பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்கலாம். அதற்குக் களிம்பைவிடப் பவுடர் வடிவ மருந்தே பொருத்தம். தகட்டின் வடிவத்திலேயே, கோடு போட்டதுபோல் தோல் சிவந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஊதா நிற விளிம்புடன், கடுமையாக வலித்து, வேகமாகப் பரவும் ஆழமான புண் தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். குடல் அழற்சி நோய் இருந்தவர்களுக்கு வரக்கூடிய இந்தப் புண்ணுக்குத் தனிச் சிகிச்சை தேவை. ஸ்டோமா கறுத்தாலோ, நிறுத்த முடியாமல் இரத்தம் வந்தாலோ, சில மணி நேரமாகக் கழிவே வராமல் வயிற்று வலியும் வாந்தியும் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழிவு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் தோல் மட்டுமின்றி, நீரும் உப்பும் இழந்து உடலும் பாதிக்கப்படும். அப்போது வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பது இழப்பைக் கூட்டக்கூடும் என்பதால், உப்பு-சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொண்டு மருத்துவரை அணுகுங்கள்.

செவிலியரைப் பார்க்கப் போகும்போது, மேல்விளிம்பு குறியிட்ட பழைய தகடுகள் இரண்டை உறையிலிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஒட்டியிருந்தது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். இப்போது பயன்படுத்தும் பை, வளையம், பவுடர் ஆகியவற்றையும் கொண்டுபோனால், உட்கார்ந்த நிலையிலேயே பொருத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.