முகத்தின் உறுப்புகளுக்கான கொச்சைச் சொற்கள் நிலைத்து நிற்குமா?

கொச்சைச் சொல் நாளடைவில் நல்ல சொல்லாகிவிடுமா என்பது கேள்வி. தாராளமாக ஆகும். பிரெஞ்சு மொழியின் முகமே அதற்குச் சாட்சி.

பிரெஞ்சுக்குத் தாய்மொழியான இலத்தீனில் வாய்க்கு முறையான சொல் ‘ஓஸ்’. ‘புக்கா’ என்றால் உப்பிய கன்னம். தெருப்பேச்சில் வாயையும் ‘புக்கா’ என்றார்கள். எலும்புக்கான சொல்லும் கிட்டத்தட்ட ‘ஓஸ்’ போலவே ஒலித்ததால் பழைய சொல் தடுமாறியது, புக்கா வென்றது. இன்றைய பிரெஞ்சு ‘பூஷ்’, இத்தாலிய ‘போக்கா’ எல்லாம் அதன் பிள்ளைகள்தான். கண், மூக்கு போன்றவை பழைய பெயரோடே தப்பின.

தலையின் கதை இன்னும் ருசியானது. இலத்தீனில் ‘டெஸ்டா’ என்பது சுட்ட மண்சட்டி. கிண்டலாகத் தலைக்குச் சொன்னது பிரெஞ்சில் ‘தேத்’ ஆகி, இப்போது மருத்துவரும் சொல்லும் சொல்லாகிவிட்டது. தலைக்கான பழைய முறையான சொல் ‘காபுட்’? அது ‘ஷெஃப்’ ஆகி, தலைவன் என்ற பொருளுக்குப் போய்விட்டது. நம் ‘மண்டை’யும் இதே வழிதான்: புறநானூறு 115இல் பாணர்களின் மண்டை நிறையக் கள் ஊற்றுகிறார்கள். அங்கே அது கலம்!

சரி, தேத் கௌரவமானதும் கிண்டலுக்குப் புதுச்சொல் வேண்டுமே? விலங்கின் வாயைக் குறிக்கும் ‘கேல்’ மனிதருக்கு வந்தது. “தா கேல்!” என்றால் “வாயை மூடு!” அதைவிட மோசமாகவே உறைக்கும். பேரிக்காயைக் குறிக்கும் ‘ப்வார்’ என்பதும் மூஞ்சிக்கு வழங்குகிறது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் முகத்தைக் கேலிச்சித்திரக்காரர் ஷார்ல் பிலிப்போன் 1831இல் பேரிக்காயாக வரைந்து காட்டியது ஊரறிந்த கேலி.